மூடினாலும் பாட வேண்டும்: லேப்டாப் சந்தேகங்களும் விளக்கங்களும்

தையல் கடை, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, வீட்டுக் கூடம் என்று எங்கே பார்த்தாலும் பாட்டுக்கென்று தனிப் பெட்டி இப்போது அபூர்வம். மூலையில் ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ஸ்பீக்கர். திறந்தே கிடந்தால் விசைப்பலகையில் தூசி சேர்கிறது, போகிற வருகிற கை எல்லாம் தட்டுகிறது. மூடினாலோ பாட்டு நின்றுவிடுகிறது. லேப்டாப்பே பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. பழுது எதுவும் இல்லை. ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும். ஆனால் அதை எந்த அளவுக்கு மாற்றலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூடியதும் பாட்டு ஏன் நிற்கிறது? மொபைலில் திரை அணைந்தாலும் பாடுகிறதே?

லேப்டாப்பின் மூடியில், திரையின் ஓரத்தில், சின்னக் காந்தம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கீழ்ப்பகுதியில் அதற்கு நேராக ஓர் உணரி. 1879-இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் இயங்குவதால் அதற்கு ‘ஹால் சென்சார்’ என்று பெயர். காந்தம் நெருங்கியதும் ‘மூடி மூடப்பட்டது’ என்று அது தகவல் சொல்லும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளம். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்களில் கடையிலிருந்து வரும்போதே இருக்கும் முடிவு: ‘தூங்கு’.

வழக்கமான தூக்க நிலையில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். செயலி நின்றுவிடும். செயலி நின்றால் பாட்டு மென்பொருளும் நிற்கும். புளூடூத் ஸ்பீக்கரின் தொடர்பும் அறுந்துபோகும். ஒலியை மட்டும் விட்டுவைக்கும் ஏற்பாடு இதில் இல்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. மூடித் திறக்கும் வடிவம் 1982-இல் வந்த ‘கிரிட் காம்பஸ்’ கணினியோடு தொடங்கியது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோன அந்தக் காலத்து லேப்டாப்களில், மூடினால் ‘வேலை முடிந்தது, மின்சாரத்தை மிச்சம் பிடி’ என்று எடுத்துக்கொள்வதே நியாயமாக இருந்தது. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ‘ஏசிபிஐ’ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. மின்சாரம் பற்றிய முடிவுகளை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது அதுதான். அந்த முடிவை இன்று நாம் சில கிளிக்கில் மாற்ற முடிவதும் அதனால்தான்.

மொபைலின் கதை வேறு. அது திரை அணைந்த நிலையிலேயே பெரும்பாலான நேரம் இருக்கும் என்று தெரிந்தே வடிவமைக்கப்பட்டது. பாட்டை மட்டும் கவனித்துக்கொள்ள, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனி ஒலிச்செயலி அதில் இருக்கிறது. பெரிய செயலி ஓய்வெடுக்கும்போதும் பாட்டு ஓடும்.

விண்டோஸில் எங்கே மாற்றுவது?

கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ‘ஹார்டுவேர் அண்ட் சவுண்ட்’, அதற்குள் ‘பவர் ஆப்ஷன்ஸ்’. இடது பக்கத்தில் ‘மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதைத் தட்டினால் ‘ஆன் பேட்டரி’, ‘பிளக்டு இன்’ என்று இரண்டு பத்திகள் வரும். மூடிக்கான வரிசையில், ‘பிளக்டு இன்’ பத்தியில் ‘ஸ்லீப்’ என்று இருப்பதை ‘டூ நத்திங்’ என்று மாற்றி, கீழே ‘சேவ் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாமல் வெளியே வந்துவிட்டு ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம் என்றால் தேடல் பெட்டியில் ‘லிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், நேராக அங்கே கொண்டுபோய் விடும். விண்டோஸ் 7 முதல் 11 வரை இந்தக் கன்ட்ரோல் பேனல் வழி பொருந்தும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் ‘செட்டிங்ஸ்’ பகுதியிலும், ‘பவர் அண்ட் பேட்டரி’ என்பதன் கீழ் இதே அமைப்பு வந்திருக்கிறது.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இந்த இடம் மங்கலாக, தொட முடியாததாக இருக்கலாம். அலுவலகத்தின் கணினிப் பிரிவு பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். குறுக்கு வழி தேடாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு பத்தியிலும் ‘டூ நத்திங்’ போட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இதுதான். ‘பிளக்டு இன்’ பத்தியை மட்டும் மாற்றுங்கள். ‘ஆன் பேட்டரி’ பத்தியில் ‘ஸ்லீப்’ அப்படியே இருக்கட்டும்.

சார்ஜர் ஒயர் மாட்டியிருக்கும் லேப்டாப் மேசையில் இருக்கும்; காற்று படும். ஒயர் இல்லாத லேப்டாப் பெரும்பாலும் பைக்குள் போகும். பேட்டரிப் பத்தியையும் மாற்றிவிட்டால், வழக்கம்போல மூடிப் பைக்குள் திணித்துவிட்டுப் பேருந்து ஏறுவீர்கள். உள்ளே அது விழித்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சு வைத்த பைக்குள் வெப்பம் வெளியேற வழி கிடையாது. இறங்கும்போது லேப்டாப் கொதிக்கும், பேட்டரி காலியாகியிருக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது பை எங்காவது இடித்தால், படிக்கும் முனை தட்டில் உரசிக் கோப்புகளே போய்விடலாம்.

இதற்குள் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. ஒயர் மாட்டிய நிலையில் மூடிப் பாட்டுக் கேட்கிறீர்கள். கிளம்பும் அவசரத்தில் திறக்காமலேயே ஒயரைப் பிடுங்கிப் பைக்குள் வைக்கிறீர்கள். இப்போது பேட்டரிக்கு மாறிவிட்டதால் தானாகத் தூங்கிவிடும் என்று நம்ப முடியாது. பல கணினிகள் மூடுகிற அந்த நொடியில் மட்டும்தான் ‘ஒயர் இருக்கிறதா’ என்று பார்க்கின்றன. எனவே ஒயரைக் கழற்றியபின் ஒருமுறை திறந்து மூடுங்கள், அல்லது ‘ஸ்லீப்’ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாட்டு ஓடும்போது கரன்ட் போனால்?

பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் பாட்டு தொடரும். ஆனால் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும். இணையத்திலிருந்து வரும் பாட்டு, ஏற்கெனவே இறங்கிவைத்த கொஞ்சம் தீர்ந்ததும் நின்றுவிடும். லேப்டாப்பிலேயே சேமித்த பாட்டு நிற்காது. கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் கோப்பாக வைத்துக்கொள்வதே மேல். பேட்டரி அடிமட்டத்துக்குப் போனால் விண்டோஸ் பொதுவாகத் தானே எல்லாவற்றையும் சேமித்துவிட்டு அணைந்துகொள்ளும்.

‘டூ நத்திங்’ போட்டும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதே?

இதற்குக் காரணம் பல. அதிகம் பார்ப்பது, மூடிக்கான அமைப்பை மாற்றிவிட்டு நேரக் கணக்கை மறப்பது. ‘இத்தனை நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தூங்கு’ என்று வேறொரு கட்டளை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு ஓடும்போது பாட்டு மென்பொருள்கள் ‘ஒலி போய்க்கொண்டிருக்கிறது, தூங்காதே’ என்று விண்டோஸிடம் சொல்வது வழக்கம்தான். ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் பட்டியல் தீர்ந்துபோனால் அந்த வேண்டுகோளும் தீர்ந்துபோகும். ‘பவர்’ அமைப்பில், ஒயர் மாட்டியிருக்கும்போது தூங்குவதற்கான நேரத்தை ‘நெவர்’ என்று வைத்துவிடுங்கள். திரை அணையும் நேரத்தைத் தொட வேண்டியதில்லை.

அடுத்த சந்தேக நபர் யூடியூப். நெடுநேரம் யாரும் தொடாமல் ஓடினால், ‘தொடர்ந்து பார்க்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு அது தானே நிறுத்திக்கொள்ளும். மூடிய திரையில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? கடையில் நாள் முழுக்கப் பாட்டு வேண்டும் என்பவர்கள் யூடியூபை நம்ப வேண்டாம். விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டுப் பட்டியலைப் போட்டு, ‘ரிப்பீட்’ கொடுத்தால் போதும்.

புளூடூத் ஸ்பீக்கர்களில் பல, கொஞ்ச நேரம் ஒலி வராவிட்டால் தாமாகவே அணைந்துகொள்ளும். அதற்கு லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று: பல லேப்டாப்களில் வைஃபை, புளூடூத் ஆன்டெனாக்கள் திரையின் ஓரத்தில்தான் இருக்கின்றன. மூடினால் அவை கீழே படுத்துவிடுகின்றன; சமிக்ஞை கொஞ்சம் குறையலாம். திறந்திருக்கும்போது விக்காத பாட்டு, மூடினால் விக்குகிறது என்றால் ரவுட்டரையோ ஸ்பீக்கரையோ பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள்.

விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, ‘பவர் பிளான்’ மாறும்போதோ பழைய அமைப்பு திரும்பி வந்துவிடுவதும் உண்டு. நேற்றுவரை பாடியது இன்று பாடவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

மூடினால் திரை உண்மையிலேயே அணைகிறதா?

ஃபிரிட்ஜ் கதவை மூடியபின் உள்ளே விளக்கு அணைந்ததா என்று சந்தேகப்படுவது மாதிரிதான். பெரும்பாலான லேப்டாப்களில் அணைந்துவிடும். சோதிக்க வேண்டும் என்றால், இருட்டில் மெல்ல மூடிக்கொண்டே வந்து, ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது ஓரமாகப் பாருங்கள். முழுவதும் மூடும் முன்பே காந்தம் உணரியை எட்டிவிடும். வெளிச்சம் போவது தெரியும்.

லேப்டாப் திறந்தே இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் திரை அணைந்துவிடுகிறது. பேயா?

காந்தம். ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. அது ஹால் சென்சாருக்கு நெருக்கமாக வந்தால், மூடிதான் மூடப்பட்டது என்று லேப்டாப் ஏமாந்துபோகும். காந்தப் பூட்டு வைத்த மொபைல் உறை, காந்தக் கைவளை, ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொரு லேப்டாப்பை அடுக்குவது எல்லாமே இதைச் செய்யும். ஒரு சாண் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். இதற்காகத் திரையையே மாற்றச் சொல்லும் பழுதுபார்ப்பவர் கிடைத்தால், அந்தக் கடையை மாற்றுங்கள்.

ஆப்பிள் மேக்புக்கில் இந்த அமைப்பைக் காணோமே?

விண்டோஸில் இருப்பதுபோல ஒரு பொத்தான் மேக்கில் கிடையாது. மூடினால் தூங்கும். சார்ஜர், வெளித்திரை, தனி விசைப்பலகை, மவுஸ் எல்லாம் இணைத்திருந்தால் மட்டும் மூடிய நிலையில் வேலை செய்ய ஆப்பிள் வழி வைத்திருக்கிறது. பாட்டுக் கேட்க இவ்வளவு சாமான் என்றால் அதிகம்தான்.

ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ‘ஆம்ஃபெட்டமைன்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மூடினாலும் தூங்காமல் இருக்கச் செய்யும் வசதி அதில் உண்டு. ‘கஃபீனேட்’ என்ற கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது திறந்திருக்கும் மேக்கைத் தூங்கவிடாமல் வைக்கும், அவ்வளவுதான். மூடியை மூடினால் அதன் பேச்சு எடுபடாது. தூக்கத்தையே முழுவதுமாக முடக்கும் டெர்மினல் கட்டளை ஒன்றும் உண்டு. திரும்ப மாற்ற மறந்தால் பைக்குள் கொதிக்கும் கதைதான் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸிலும் குரோம்புக்கிலும்?

குரோம்புக்கில் எளிது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பவர்’ என்ற இடத்தில், மூடினால் தூங்க வேண்டுமா என்ற சுவிட்ச் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். லினக்ஸில் கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ பயன்படுத்துபவர்களுக்கு மின்சார அமைப்புகளிலேயே இது கிடைக்கும். உபுண்டு போன்றவற்றில் ‘சிஸ்டம்டி லாகின்டி’யின் அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ எனத் தொடங்கும் வரிகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒயர் மாட்டிய நிலைக்கென்று ‘எக்ஸ்டர்னல் பவர்’ என முடியும் தனி வரி உண்டு. அதற்கு மட்டும் ‘இக்னோர்’ என்று மதிப்புக் கொடுத்து, வரியின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மூடி வைத்து ஓட்டினால் சூடேறி வெடிக்குமா?

பாட்டு ஓட்டுவது ஒரு லேப்டாப்புக்குப் பெரிய வேலையே அல்ல. செயலி ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். செயலி அளவுக்கு மீறிச் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் கணினி தானே அணைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு எல்லாத் தற்கால லேப்டாப்பிலும் உண்டு.

அதற்காக அலட்சியமும் கூடாது. காற்று வழிகள் அடிப்பக்கத்திலும் கீலின் அருகிலும் இருக்கின்றன. சில மாடல்கள் விசைப்பலகையின் இடுக்கு வழியாகவும் காற்றை இழுக்கின்றன. அவற்றை மூடி ஓட்டுவது அவ்வளவு நல்லதல்ல. மெத்தை, தலையணை, துணி விரித்த மேசை எல்லாம் ஆகாது. கெட்டியான, வெறும் பரப்பு வேண்டும். 2020 இறுதியில் வந்த எம்1 மாடல் முதல் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. வெறும் பாட்டுக்கு அது போதும்.

பாட்டு மட்டும் ஓடும்போது விசிறி இரைகிறது என்றால் வேறு ஏதோ பின்னால் ஓடுகிறது. பெரும்பாலும் பிரவுசரில் திறந்து மறந்துபோன பக்கங்கள், அல்லது அப்டேட்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பேட்டரிக்காக. லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பமும் பிடிக்காது, எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும் பிடிக்காது. நாள் முழுக்க ஒயரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் இரண்டும் சேரும். லெனோவோ, டெல், ஏசுஸ் முதலிய நிறுவனங்களின் மென்பொருள்களில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் பல மாடல்களுக்குத் தருகிறார்கள். பாட்டுப் பெட்டியாக ஆக்கிவிட்ட லேப்டாப்பில் முதலில் அதை இயக்குங்கள்.

கரன்ட் பில் எகிறுமா?

திரை அணைந்து பாட்டு மட்டும் ஓடும் லேப்டாப் 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். தினம் 10 மணி நேரம் பாடினால் பத்து நாளைக்கு ஒரு யூனிட். பில்லைப் பார்த்துப் பயப்பட வேறு சாமான்கள் வீட்டில் இருக்கின்றன.

மூடினால் ஒலி மந்தமாகிவிடுகிறதே?

விசைப்பலகையின் இரு பக்கமும் ஸ்பீக்கர் உள்ள மாடலாக இருக்கும். மூடி அதை அடைத்துக்கொள்கிறது. வெளி ஸ்பீக்கர் தவிர வழியில்லை.

திறந்து யாராவது பார்த்துவிட்டால்?

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. சாதாரணமாகத் தூங்கி எழும் லேப்டாப் கடவுச்சொல் கேட்கும். ‘டூ நத்திங்’ போட்டபின் அது தூங்கவே இல்லை. எனவே விண்டோஸில் பூட்டவும் படாது. யார் மூடியைத் தூக்கினாலும் உங்கள் மின்னஞ்சலும் வங்கிப் பக்கமும் அப்படியே நிற்கும். மூடும் முன் விண்டோஸ் விசையோடு ‘எல்’ எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும், பாட்டு நிற்காது. கடையில் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதைப் பாட்டுப் பெட்டியாக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தவை இன்று பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இன்றைய பிரவுசருக்கு அவை திணறும். பாட்டுக் கோப்பு ஓட்ட அந்த வேகம் தாராளம்.

இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். இணையத்தையே துண்டித்துவிட்டு, பென்டிரைவில் பாட்டைக் கொண்டுபோய் ஏற்றுங்கள். அடுத்தது பேட்டரி. தரையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது, மவுஸ் பட்டை மேலே தூக்கியிருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அமுக்கவோ, குப்பையில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றக்கூடிய பேட்டரி கொண்ட பழைய மாடல்களில் பல, பேட்டரி இல்லாமல் ஒயரில் மட்டும் ஓடும். பாட்டுக்கு அது போதும், பத்திரமும் கூட.

மூடாமலே திரையை மட்டும் அணைக்க முடியாதா?

முடியும், பலருக்கு அதுவே நல்லது. பல விண்டோஸ் லேப்டாப்களில், மூடிக்கான அமைப்பு இருக்கும் அதே பக்கத்தில், பவர் பொத்தானை அழுத்தினால் ‘திரையை அணை’ என்று வைக்கும் வாய்ப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் திரை அணையும் நேரத்தை ஒரு நிமிடம் என்று வையுங்கள். மேக்கில் திரையின் ஒரு மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால் திரை அணையும்படி ‘ஹாட் கார்னர்ஸ்’ அமைப்பில் செய்யலாம். சூடும் குறைவு, பைக்குள் மறந்து போடும் அபாயமும் இல்லை.

தூசிக்கும் குழந்தையின் கைக்கும் பயந்து மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், ஒயர் மாட்டியிருக்கும் பத்தியை மட்டும் இன்றே மாற்றிவிட்டு, ஒருமுறை மூடி, ஒரு பாட்டு முழுக்க ஓடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.